பன்னீர் வடித்த தண்ணீரில் வே புரதம் எவ்வளவு?

"பன்னீர் வடிகட்டிய தண்ணீரைக் குடித்தால் போதாதா? வே புரதப் பவுடர் எதற்கு?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அந்தத் தண்ணீரில் பால் சர்க்கரையான லாக்டோஸும் தாது உப்புகளும் உண்டு. புரதம் மிகக் குறைவு. காரணம், பன்னீருக்காகப் பாலை நாம் பொங்கக் காய்ச்சுவது.

பால் புரதத்தில் சுமார் 80 விழுக்காடு, கட்டியாக உறையும் கேசின்; மீதி, நீரில் கரைந்திருக்கும் வே. சீஸ் ஆலைகளில் பெரும்பாலும் பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடிதான் சூடாக்குவார்கள். பாலை உறையவைக்கும் நொதியான ரென்னெட்டைச் சேர்த்ததும் கேசின் கட்டியாகிவிடும். அந்தக் குறுகிய சூட்டில் பெரிதாக மாறாத வே புரதம் நீரோடு வெளியேறும்.

வே புரதத்தில் ஏறக்குறைய பாதி, பீட்டா லாக்டோகுளோபுலின். 162 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அதில் ஐந்து, சிஸ்டைன் என்ற அமினோ அமிலம்; ஒவ்வொன்றிலும் ஒரு கந்தக அணு. சங்கிலியில் 66-ஆவது இடத்தில் இருப்பதும் 160-ஆவது இடத்தில் இருப்பதும் கந்தகப் பாலத்தால் இணைந்த ஒரு ஜோடி, 106-ம் 119-ம் இன்னொரு ஜோடி. 121-ஆவது சிஸ்டைனுக்கு மட்டும் ஜோடி கிடையாது. அது மடிப்புக்குள் புதைந்து கிடப்பதால் யாரையும் தொந்தரவு செய்வதில்லை. சூடு 70 டிகிரியைத் தாண்டினால் மடிப்பு தளர்ந்து 121 வெளியே தலைகாட்டும். பக்கத்துப் புரதத்தின் கந்தகப் பாலம் ஒன்றை உடைத்து, அதில் ஒரு கந்தகத்தோடு சேர்ந்துகொள்ளும். துணையை இழந்த மற்ற கந்தகம் சும்மா இருக்குமா? அது அடுத்த பாலத்தை உடைக்கப் போகும். கேசின் துகளின் மேற்பரப்பில் உள்ள கப்பா கேசினிலும் சிஸ்டைன் இருப்பதால், வே புரதம் அதோடும் பிணைந்து பன்னீரிலேயே தங்கிவிடும். நன்றாகக் காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாக உறைவதும் இதே வேதியியல்தான்.

இப்படி மடிப்பு குலைவதைக் காட்டித்தான் 'சூடுபடாத வே' என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். மடிப்பு குலைந்தாலும் அமினோ அமிலங்கள் அப்படியே இருக்கும். குலையாத பீட்டா லாக்டோகுளோபுலினை வயிற்றின் செரிமான நொதியான பெப்சினால் எளிதில் வெட்ட முடியாது. சூடு பட்டது சுலபமாகச் செரிக்கும்.

உண்மையான இழப்பு வேறு இரண்டு இடங்களில் நடக்கிறது. முதலாவது, லைசின் என்ற அமினோ அமிலம்: சூட்டிலும், வெப்பமும் ஈரமும் உள்ள கிடங்கிலும், லாக்டோஸ் அதன் அமினோ முனையில் ஒட்டிக்கொள்கிறது. அந்த லைசினை உடல் பயன்படுத்த முடியாது. இரண்டாவது, காரத்தன்மையும் (அமிலத்தன்மைக்கு எதிரானது) சூடும் சேரும்போது: சிஸ்டைன் கந்தகத்தை இழந்து, அருகிலுள்ள லைசினோடு இணைந்து லைசினோஅலனைன் ஆகிவிடும். ஒரே வினையில் இரண்டு அமினோ அமிலங்கள் போய்விட்டன.

டப்பாவில் அச்சிடும் புரத அளவு இதைக் காட்டாது. நைட்ரஜனை அளந்து 6.38-ஆல் பெருக்கும் வழக்கமான முறையில், பயன்படாத லைசினும் புரதமாகவே கணக்கில் ஏறும். பயன்படும் லைசின் அளவையும் அச்சிடச் சட்டம் கட்டாயப்படுத்த வேண்டும். அதை அளக்கும் முறைகள் ஏற்கெனவே உள்ளன.

சிஸ்டைனைக் காப்பது ஏன் முக்கியம்? உடலின் முக்கிய ஆன்டிஆக்சிடன்ட்டான குளுட்டாதையோன், குளுட்டமேட், சிஸ்டைன், கிளைசின் மூன்றும் சேர்ந்தது. வழக்கமாகத் தட்டுப்பாடு வருவது சிஸ்டைனுக்கு. 100 கிராம் வே புரதத்தில் அது சுமார் 2 கிராம்; கேசினில் அரை கிராம்கூட இல்லை.

அதற்காகக் கரண்டி கரண்டியாகச் சாப்பிட்டால் குளுட்டாதையோன் ஏறிக்கொண்டே போகாது. செல்லுக்குள் அது நிறைந்ததும், தன்னை உருவாக்கும் முதல் நொதியைத் தானே தடுத்துவிடும். பலன் தெரிவது இருப்பு வற்றியவர்களிடம். பாரசிட்டமால் அளவுமீறியவருக்கு மருத்துவமனையில் என்-அசிட்டைல்சிஸ்டைன் கொடுப்பது, வற்றிய குளுட்டாதையோனை மீட்கத்தான். ஆரோக்கியமானவரிடம் 'ஆன்டிஆக்சிடன்ட் பெருக்கி' என்று பவுடர் விற்பது ஏமாற்று.

வாங்குவதானால், புரதம் 90 விழுக்காடு உள்ள ஐசொலேட் வகைப் பவுடரில் லாக்டோஸ் குறைவு. லைசின் இழப்பும் குறையும். ஈரக் கரண்டியை டப்பாவுக்குள் விடாதீர்கள், மூடியை இறுக்குங்கள், அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். பவுடர் பழுப்பேறிக் கட்டிதட்டியிருந்தால் லைசினில் ஒரு பகுதி போயிருக்கும். கொதிநீரில் கலக்கும்போது திரிதிரியாக ஆனால் பயப்பட வேண்டாம். அது 121-ஆவது சிஸ்டைனின் வேலை, தாராளமாகக் குடிக்கலாம்.