அலை வாசிக்கும் படிக்கட்டு

குரோஷியாவின் ஸாடர் நகரில், கடலோர நடைபாதையிலிருந்து அகலமான கல் படிகள் தண்ணீருக்குள் இறங்குகின்றன. அங்கே உட்காருகிறவர்களுக்குச் சீக்கிரம் எழுந்து போக மனம் வராது. காலுக்கு அடியில் யாரோ பல குழல்களை மாற்றி மாற்றி ஊதுவதுபோல ஓசை எழுந்துகொண்டே இருக்கும். ஒலிபெருக்கி இல்லை, மின்சாரம் இல்லை. ஊதுவது அலை.

கட்டிடக் கலைஞர் நிகோலா பாஷிச் வடிவமைத்த இந்தக் ‘கடல் ஆர்கன்’ 2005இல் திறக்கப்பட்டது. ஆர்கன் என்பது பல குழல்களுக்குள் காற்றைச் செலுத்தி வாசிக்கும் இசைக்கருவி. சுமார் 70 மீட்டர் நீளத்தில், படிகளுக்கு உள்ளே 35 பாலிஎத்திலீன் குழாய்கள். ஒவ்வொன்றின் கீழ்முனையும் கடலில் திறந்திருக்கிறது. மேல்முனை, நடைபாதைக்கு அடியில் இருக்கும் ஊதுகுழலோடு இணைகிறது. அலை மோதும்போது தண்ணீர் குழாய்க்குள் ஏறி, உள்ளே இருக்கும் காற்றை மேலே தள்ளுகிறது. சைக்கிள் பம்பில் தண்டு செய்யும் வேலையை இங்கே தண்ணீர் செய்கிறது.

அந்தக் காற்று ஒரு குறுகிய பிளவு வழியாகப் பாய்ந்து, கூரான விளிம்பில் மோதுகிறது. மோதியதும் விளிம்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வேகமாக ஊசலாடுகிறது. அது எந்த வேகத்தில் ஆட வேண்டும் என்பதை ஊதுகுழலுக்குள் நிற்கும் காற்றுத்தூண் முடிவு செய்கிறது: குழல் நீளமானால் தாழ்ந்த சுரம், குட்டையானால் உயர்ந்த சுரம். புல்லாங்குழலில் நடப்பதும் இதுதான். அப்புறம் நடைபாதைக் கல்லில் விட்டிருக்கும் துளைகள் வழியாக ஒலி வெளியே வருகிறது.

சரி, அலைக்குச் சுரம் தெரியாதே, அபசுரம் தட்டாதா? தட்டாது. எனக்கு இந்தப் படைப்பில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 35 குழாய்களும் ஐந்தைந்தாக ஏழு தொகுதிகள். ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றோடொன்று இசைந்துபோகும் ஐந்து சுரங்கள். எது முன்னால் ஒலித்தாலும், இரண்டு மூன்று சேர்ந்து ஒலித்தாலும் காதுக்கு இதமாகவே இருக்கும். எந்தச் சுரங்கள் என்பதை மனிதர்கள் முன்கூட்டியே தேர்ந்துவிட்டார்கள். எப்போது, எவ்வளவு அழுத்தி என்பதைக் கடலிடம் விட்டுவிட்டார்கள். அடுத்து எந்தச் சுரம் வரும் என்று ஊகிக்க முடியாததால் காது காத்துக்கொண்டே இருக்கிறது. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் வேறொரு சுரக்கூட்டம்.

இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சில் சிதைந்த ஊர் இது. அதன் கடலோரத்தில் பிறகு கட்டப்பட்டது வெறும் கான்கிரீட் சுவர். இன்று அதே கரையில், தூரத்தில் ஒரு படகு போனால் படியில் இருப்பவர்கள் காத்திருக்கலாம். அது கிளப்பிய அலை கரைக்கு வந்து சேர்ந்ததும் காலுக்கு அடியில் எழும் ஓசை சட்டென்று வேகம் பிடிக்கும்.