புரோப்ரியோசெப்ஷன்: ‘தன்னுணர்வு’ என்று எழுதாதீர்கள்

“உங்கள் கைவிரல்களில் தன்னுணர்வு குறைந்துள்ளது.” இங்கே சிங்கப்பூரில், பக்கவாதத்திலிருந்து தேறிவரும் ஒருவருக்குக் கொடுத்த நாலு மொழிப் பயிற்சித் தாளில், தமிழ்ப் பக்கத்தின் முதல் வரி இது. ஆங்கிலத்தில் ‘புரோப்ரியோசெப்ஷன்’, அதாவது கைகால் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமலே அறியும் உணர்வு; அதற்குத் தமிழாக இதே சொல்லை உரைகளிலும் காணொளிகளிலும் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய்த்தான் எழுதுகிறேன். தன்னுணர்வு என்றால் தமிழ் படிப்பவருக்கு என்ன தோன்றும்? தான் யார் என்கிற உணர்வு, இல்லாவிட்டால் சுயநினைவு. விரலுக்கு ஏது சுயநினைவு?

மூலச்சொல்லை 1906-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஆங்கிலேய உடலியலாளர் சார்ல்ஸ் ஷெரிங்டன். லத்தீனில் ‘புரோப்ரியுஸ்’ என்றால் தனக்குரியது, பின்பாதி உள்வாங்குதல். இரண்டு பாதியையும் தனித்தனியே பெயர்த்து ஒட்டியதால் வந்த வினை இந்தத் தன்னுணர்வு.

சொல் குறிக்கும் விஷயத்தைப் பார்ப்போம். இங்குள்ள தேக்கா வட்டாரத்தில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பவரின் கையைக் கவனியுங்கள். கண் எதிரே இருப்பவரின் முகத்தில் இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல்களோ சோற்றைக் கூட்டி எடுத்து, மடங்கி, கட்டைவிரலால் சரியாக வாய்க்குள் தள்ளும். எந்த விரல் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்பதைப் பார்க்காமலே மூளை அறிந்திருப்பதால்தான் இது நடக்கிறது. விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன; தசையை எலும்போடு இணைக்கும் நீண்ட நாண்கள் வழியாக இழுக்கின்றன. அந்தத் தசைகளுக்குள் நூல் நூற்கும் கதிரின் வடிவில் இருக்கும் நுண்ணிய உணரிகள் தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று சொல்கின்றன. நாணருகே இருப்பவை இழுவிசையைச் சொல்கின்றன. மூட்டின் மேல் தோல் இழுபடுவதும் ஒரு தகவல். முன்கை நாண்மேல் அதிர்வுக் கருவியை வைத்தால், இந்த உணரிகள் ஏமாந்து, அசையாத விரல் அசைவதுபோலவே தோன்றும். பிடித்த குவளை நழுவுவதை உணர்வது வேறு, அது பெரும்பாலும் விரல்நுனித் தோலின் வேலை.

இதைச் சோதிக்கும் முறையும் எளிது. விரலை இரு பக்கமும் பிடித்து (மேலும் கீழும் பிடித்தால் அழுத்தமே காட்டிக்கொடுத்துவிடும்), “தாத்தா, கண்ணை மூடிக்குங்க, விரல் மேலே போகுதா, கீழே போகுதா?” என்று கேட்கிறார்கள். ஆக, கேள்வி விரலின் நிலையைப் பற்றியது. அதனால்தான் ‘உறுப்புநிலை உணர்வு’ என்பதே சரி என்கிறேன். கையைப் பற்றி மட்டும் பேசும்போது ‘விரல்நிலை உணர்வு’ என்றே எழுதலாம்.

மாற்றாகச் சொல்லப்படுபவை எதுவும் தேறவில்லை. ‘தன்னிலை உணர்வு’ கொஞ்சம் பக்கத்தில் வருகிறது, ஆனால் ‘தன்னிலை மறந்து பாடினார்’ என்று நாம் சொல்வது கைகால் இருக்கும் இடத்தை மறந்து பாடியதையா? தூய தமிழில் ஆர்வமுள்ளவர்கள் ‘மெய்யுணர்வு’ என்கிறார்கள். மெய் என்றால் உடல்தான், ஆனால் திருக்குறளின் 36-ஆம் அதிகாரமே ‘மெய்யுணர்தல்’, அது உண்மைப்பொருளை உணர்வது. அந்தச் சொல்லைக் கொண்டுபோய் விரல் மூட்டில் மாட்டுவது எனக்கு ஒப்பவில்லை. அப்புறம் ‘ஆறாவது புலன்’. தொல்காப்பியர் ஐம்பொறியோடு மனத்தைச் சேர்த்து ஆறறிவு என்று எப்போதோ எண்ணி வைத்துவிட்டார், அந்த இடம் காலியாக இல்லை. எல்லாவற்றிலும் மோசம் ‘பிடிப்பு உணர்வு’ என்று எழுதுவது. பிடிப்பு என்றதும் நம் ஆட்களுக்குத் தசைப்பிடிப்புதான் நினைவுக்கு வரும், தைலத்தைத் தேடுவார்கள்.

‘நிலை’ என்றால் அசைவும் விசையும் விட்டுப்போகாதா என்று கேட்கலாம். அசைவு என்பதே நிலை மாறுவதுதான், அதனால் அது உள்ளே வந்துவிடும். விசை முழுதாக வராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் தவறான பொருள் தரும் சொல்லைவிடக் கொஞ்சம் குறுகிய பொருள் தரும் சொல் எவ்வளவோ மேல்.

எனக்கு உண்மையில் கோபம் இந்த ஒரு சொல்மீது மட்டும் இல்லை. இங்கே தமிழ் ஆட்சிமொழி என்பதால் தமிழ்ப் பக்கம் எப்படியும் அச்சாகிவிடுகிறது, ஆனால் அதைப் படித்துப் பயிற்சி செய்யப்போகிறவரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டுவாரில்லை. ஆங்கில வரிக்கு எதிரே ஒரு தமிழ் வரி இருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். அந்தத் தாளில் “கண்ணை மூடினால் விரல் மடங்கியிருக்கிறதா, நீண்டிருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாமல் போகலாம், இதற்கு உறுப்புநிலை உணர்வு குறைதல் என்று பெயர்” என்று போட்டிருந்தால் ஒரு வரிதான் கூடியிருக்கும்.