கண்டதை நேரத்தோடு எழுதுகிறவர்கள்

"தம்பி, கழுத்தில அட்டையத் தொங்கவிட்டுக்கொண்டு சும்மா பாத்துக்கொண்டு நிக்கிறீங்களே, ஒண்டும் செய்யமாட்டீங்களா?"

மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலையில், வாக்களிக்க வரிசையில் நின்ற ஐயா ஒருவர், தேர்தல் கண்காணிப்பாளராக அங்கே நின்ற என்னிடம் கேட்டார். அவருடைய கோபம் நியாயமானது. ஓர் இளைஞன் வயதானவர்களை ஒருவர் பின் ஒருவராகக் கூட்டிவந்து, "கண் தெரியாது" என்று சொல்லி அவர்களோடு உள்ளே போய்க்கொண்டிருந்தான். 10.40க்கு ஒருவர். 11.05க்கு இன்னொருவர். மூன்றாவதாக ஓர் ஆச்சி.

தேர்தல் கண்காணிப்பாளருக்கு யாரையும் தடுக்கும் அதிகாரம் இல்லை. வாக்குச்சீட்டைத் தொடக்கூடாது, அலுவலருக்கு உத்தரவு போடக்கூடாது. நான் தலைமை தாங்கும் அலுவலரிடம் போய் மெதுவாக ஒன்றே ஒன்று கேட்டேன்: "சேர், உதவியாளருக்கான சான்றிதழைப் பார்த்தீங்களா?"

மாற்றுத்திறனாளி வாக்காளர் தமக்கு நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு அழைத்துவர 2011ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்குச் சான்றிதழ் வேண்டும். வேட்பாளரோ கட்சி முகவரோ துணையாக வர முடியாது. அலுவலர் கேட்டபோது இளைஞனிடம் தாள் எதுவும் இல்லை. அவன் வெளியே போய்விட்டான். துணை இல்லாதபோது, இன்னொரு அலுவலர் பார்த்திருக்க, வாக்காளர் சொல்கிறபடி தலைமை தாங்கும் அலுவலரே அடையாளமிடலாம். அவர் ஆச்சியின் பக்கம் குனிந்தார். ஆச்சி சொல்லப்போகும் சின்னம் என் காதில் விழக்கூடாது என்று நான் வாசலுக்கு நகர்ந்துகொண்டேன். அதுவும் எங்கள் வேலைதான்.

முதல் இருவர் வந்தபோது அந்தச் சான்றிதழ் கேட்கப்படவில்லை என்பதையும் எழுதிக்கொண்டேன். ஐயாவுக்கு நான் சொன்ன பதிலும் அதுதான்: எழுதியிருக்கிறேன், நேரத்தோடு.

எழுதி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. 1999 ஜனவரியில் நடந்த வடமேல் மாகாண சபைத் தேர்தலின் முறைகேடுகளை இன்றும் யாராலும் மூடிமறைக்க முடியவில்லை. கண்டதை அன்று எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். பவ்ரல் என்ற தேர்தல் கண்காணிப்பு அமைப்பு 1987 முதலும், தேர்தல் வன்முறைகளைக் கண்காணிக்கும் நிலையம் 1997 முதலும் செய்துவருவது இந்த வேலையைத்தான். ஒழுங்காக நடந்ததையும் எழுதவேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2024 செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில், இலங்கையில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டன. அப்படிப் பழக்கமில்லாத ஒரு கட்டத்தில், எந்தக் கட்சிக்கும் சேராத ஒருவர் "முறையாக நடந்தது" என்று சொன்னால்தான் தோற்ற பக்கத்து ஆதரவாளரும் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் இன்னொரு சிக்கல் மொழி. திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தேர்தல் தொகுதிகள். வெருகலில் தொடங்கிக் கந்தளாய்க்குப் போய்ச் சேர்வதற்குள் பேச்சு மொழி மாறிவிடும். சிங்களம் மட்டும் தெரிந்த அலுவலரிடம் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு தாய் தன் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை என்று விளக்கப் படுகிற பாட்டை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால் ஒவ்வொரு நடமாடும் குழுவிலும் இரு மொழியும் தெரிந்த ஒருவராவது, பெண் ஒருவராவது இருக்கவேண்டும் என்று நான் பிடிவாதமாக நிற்கிறேன். ஒரு பெண்ணிடம் சொல்வதைப் பெண்கள் எங்களிடம் சொல்வதில்லை.

சுவரொட்டி, அரச வாகனம், கடைசி 48 மணித்தியால அமைதிக் காலத்தில் நடக்கும் பிரசாரம் எல்லாமே முறைப்பாடாக வருகின்றன. ஆனால் பாதிக்கு மேல் "அங்க கள்ள வோட்டு நடக்குதாம்" என்ற அளவோடு நின்றுவிடுகின்றன. "நடக்குதாம்" என்பதை வைத்து எங்களால் எதுவும் செய்ய முடியாது. அழைக்கும்போது வாக்களிப்பு நிலையத்தின் இலக்கத்தைச் சொல்லுங்கள். நேரத்தைச் சொல்லுங்கள். உங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். மற்றவர் சொன்னது என்றால் அப்படியே, மற்றவர் சொன்னது என்று சொல்லுங்கள். நிலையத்துக்குள் கைத்தொலைபேசியில் படம் எடுக்காதீர்கள். முறைப்பாடு செய்ய வந்த நீங்களே சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவீர்கள். வீட்டில் பார்வை குறைந்த பெரியவர்கள் இருந்தால், தேர்தலுக்கு முன்பே கிராம அலுவலரிடம் போய் அந்தச் சான்றிதழைப் பற்றி விசாரித்து வையுங்கள்.