குழந்தை எடை குறைந்தால் மருமகளைத் திட்டாதீர்கள்

"இவ ஒரு டம்ளர் பால் குடிக்க மாட்டா டாக்டர், அதான் பிள்ளை இப்படி." பிரசவ வார்டில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன வாரமும் அதேதான். 36 வாரத்திலேயே பிறந்த குழந்தை, 2 கிலோ 100 கிராம். மாமியார் கட்டில் பக்கத்தில் நின்று திட்டிக்கொண்டிருக்க, அந்தப் பெண் தையல் வலியோடு அழுகிறாள். அவளுடைய செக்கப் அட்டை என் கையில் இருக்கிறது: ஹீமோகுளோபின் 11.6, எடை பத்து கிலோ ஏறியிருக்கிறது, பிபி இல்லை, சர்க்கரை இல்லை. இதற்கு மேல் அவள் என்ன செய்ய வேண்டும்?

வீடு எங்கே என்று கேட்டேன். வடசென்னையில் ஆலைகளும் மின்நிலையங்களும் நிறைந்த எண்ணூர் பக்கம். மொட்டை மாடியில் காயப்போட்ட துணியைக் கரித்தூள் உதறித்தான் மடிக்க வேண்டும் என்றாள்.

சாப்பாடு முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ரத்தசோகை, பிபி, வீட்டுக்குள் பீடி பிடிப்பவர், எல்லாவற்றையும் நான் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஆனால் ஆலைப் புகையும் ஒரு காரணம். அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் ஒரு பெரிய எஃகு ஆலை 1986 ஆகஸ்ட் முதல் 1987 செப்டம்பர் வரை மூடிக் கிடந்தது. அந்தச் சமயத்தில் கர்ப்பமாக இருந்தவர்களிடம் குறைப்பிரசவம் குறைந்தது. அந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் அந்த ஒரு வருஷம் மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்களா? இல்லை, புகைபோக்கி நின்றது. கலிபோர்னியாவில் 2001 முதல் 2011 வரை எட்டு நிலக்கரி, எண்ணெய் மின்நிலையங்களை மூடிய பிறகு, 5 கிலோமீட்டருக்குள் குறைப்பிரசவம் நூற்றுக்கு 7 என்பதிலிருந்து 5.1 ஆக இறங்கியது. நம் தமிழ்நாட்டிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து பார்த்து 2018-ல் வெளியான ஆய்வில், காற்றில் நுண்துகள் (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தூசி, PM2.5) ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைவதாகத் தெரிந்தது. 4 கிராம்தானே என்று விட்டுவிடாதீர்கள், அது ஒவ்வொரு 10 மைக்ரோகிராமுக்கும், ஊர் முழுவதற்கும்.

"புகை என் நுரையீரலுக்குத்தானே போகுது, குழந்தைக்கு எப்படி?" என்றும் கேட்கிறார்கள். நஞ்சுக்கொடியில், அதுவும் குழந்தை இருக்கும் பக்கத்திலேயே, கரித்துகள்களை 2019-ல் பெல்ஜியத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். இதற்கு மேல் விளக்க வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது. துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டால் போதும் என்ற நினைப்பை விடுங்கள், நுண்துகளை அது தடுக்காது. முகத்தோடு ஒட்டி உட்காரும் என்95 முகக்கவசம் போடுங்கள். நாற்றம் வந்தால்தான் மாசு என்று இருக்காதீர்கள், நுண்துகளுக்கு வாசனை கிடையாது. "வரம்புக்குள்" என்று செய்தியில் சொன்னாலும் நிம்மதி வேண்டாம்: நம் நாட்டு ஆண்டு வரம்பு 40 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் சொல்வது 5. வெளியில் இவ்வளவு இருக்கும்போது வீட்டுக்குள்ளும் கொசுவர்த்தி, சாம்பிராணி, குப்பை எரிப்பு எதற்கு? இன்றே நிறுத்துங்கள். 2023 டிசம்பரில் நள்ளிரவில் எண்ணூரில் அம்மோனியா கசிந்ததே, அப்படி மறுபடி நடந்தால் காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போங்கள், ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள், அன்றைக்கே செக்கப்புக்கு வந்துவிடுங்கள். வளர்ச்சி பார்க்கும் ஸ்கேனை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பெரியவர்களிடம் ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். அம்மா வீடு புகையில்லாத ஊரில் இருந்தால் வளைகாப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் முன்னாடியே அனுப்பிவையுங்கள். யூட்டாவில் நான்கு முதல் ஆறாம் மாதத்தில் ஆலை மூடியிருந்தவர்களுக்குத்தான் பலன் அதிகம் தெரிந்தது. எல்லோராலும் முடியாது, தெரியும். போக இடமில்லாதவர்கள் குற்ற உணர்ச்சியோடு உட்கார வேண்டாம், அந்தப் புகையை நீங்கள் விடவில்லை.

அப்புறம் சக மருத்துவர்களுக்கு: ஸ்கேனில் வளர்ச்சி குறைவு என்று வந்ததும் புரோட்டீன் பவுடர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். வீட்டைச் சுற்றி என்ன ஆலை இருக்கிறது என்று கேட்டு அட்டையில் எழுதிவையுங்கள். நாம் எழுதாதவரை அது எந்தக் கணக்கிலும் வராது.