யாருடைய கையெழுத்து?

ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தார் அந்தப் பெண். காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. இரண்டு பிள்ளைகள், சின்னதுக்கு இன்னும் பால் மறக்கவில்லை. மறுபடி கர்ப்பமாகி, கலைக்க வேண்டும் என்று 7 வாரத்திலேயே வேறோர் இடத்தில் காட்டியிருக்கிறார். “கலைக்கிறது பாவம்மா, போய் வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா” என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்காரர் கேரளாவில் வேலைக்குப் போனவர். மருத்துவரான என்னிடம் வரும்போது 17 வாரம். மாத்திரையோடு முடிந்திருக்க வேண்டியவர் வார்டில் படுக்க வேண்டியதாயிற்று.

கருவும் உயிர்தான், எந்த நிலையிலும் தொடக்கூடாது என்று நம்பும் மருத்துவர்கள் உண்டு. அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. செய்ய மனம் ஒப்பவில்லையா, சரி, அன்றைக்கே வேறு மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். சட்டம் கேட்காத கையெழுத்தைக் கேட்காதீர்கள். 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும் என்கிறது 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம். 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். 24 வாரம் வரை, சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு, இரண்டு பேர் கருத்துச் சொல்ல வேண்டும். திருமணமாகாதவர்களுக்கும் இது பொருந்தும் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

“அப்போ பொண்ணுன்னா வேண்டாம்னு கேட்டா மட்டும் ஏன் டாக்டரம்மா மறுக்கிறீங்க?” என்று ஒருவர் என்னை மடக்கினார். நியாயமான கேள்வி. கள்ளிப்பால் கொடுமை நடந்த மாவட்டம் இது. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் சேலத்தில்தான் தொடங்கியது. ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று சொல்வது 1994 சட்டப்படி குற்றம். அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன். தோட்டத்துப் பெண் இன்னொரு பிள்ளையைச் சுமக்கத் தெம்பில்லை என்றார். பெண்ணென்றால் கலைக்கச் சொல்பவர்களுக்கோ பிள்ளை வேண்டும், பெண்ணாக மட்டும் இருக்கக்கூடாது. என்னிடமும் அசையாத ஒரு ‘கூடாது’ இருக்கிறது என்றால் இதுதான்.

மூத்த மருமகள் கலைக்கக் கேட்டபோது மகாபாவம் என்று அதட்டிய மாமியாரே, இளையவளுக்கு மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்று பயந்து அவளைக் கூட்டிவந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

அதிலிருந்து, கூட வந்தவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டுத்தான் பேசுகிறேன். “உனக்கு என்ன வேணும் கண்ணு?” அந்த இளையவள் ரொம்ப நேரம் சேலை நுனியையே முறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம், “பெத்துக்கறேங்க” என்றாள்.