ஏரியா சபைன்னா என்ன, உங்க தெருவுக்கு அதுல என்ன கிடைக்கும்

நான் பொலிட்டிகல் சயின்ஸ்ல ஆராய்ச்சி பண்றேன், நகர நிர்வாகம்தான் தலைப்பு. அதனால தெரிஞ்சவங்க அடிக்கடி கேக்குற கேள்வி இது: கிராமத்துல கிராம சபை நடக்குது, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2னு தேதி சின்னப் பசங்களுக்கே தெரியும், சிட்டில இருக்குற நமக்கு ஒண்ணும் இல்லையா? இருக்கு. பேரு ஏரியா சபை, அதுக்கு மேல வார்டு கமிட்டி. பல பேருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாது.

ஏன் தெரியாதுன்னா கதை கொஞ்சம் பழசு. அரசியலமைப்புச் சட்டத்துல பஞ்சாயத்துக்கான 73வது திருத்தமும் நகரத்துக்கான 74வது திருத்தமும் 1993லயே அமலுக்கு வந்துடுச்சு. ஆனா கிராமத்துக்கு 243ஏ பிரிவுல கிராம சபைன்னு தெளிவா எழுதினவங்க, நகரத்துக்கு 243எஸ் பிரிவுல ஜனத்தொகை 3 லட்சமோ அதுக்கு மேலயோ இருக்குற ஊர்ல "ஒண்ணு இல்ல அதுக்கு மேற்பட்ட வார்டுகளுக்கு" ஒரு கமிட்டின்னு எழுதிட்டாங்க. அந்த "மேற்பட்ட"தான் ஓட்டை. சென்னைல பல வார்டை மொத்தமா சேர்த்து மண்டலத்துக்கு ஒரு குழு போட்டு, இதுதான் வார்டு கமிட்டின்னு கணக்கை முடிச்சாச்சு. 2022 தேர்தல் சமயத்துல 200 வார்டு, 15 மண்டலம், அந்த மண்டலக் குழுவுல இருக்குறது கவுன்சிலர்கள், பொதுஜனத்துக்கு நாற்காலி கிடையாது.

அப்புறம் 2005ல மத்திய அரசு ஜவஹர்லால் நேரு நகர்ப்புற புனரமைப்புத் திட்டம் கொண்டு வந்தப்ப, பணம் வேணும்னா மக்கள் பங்கேற்புக்குத் தனியா சட்டம் போடணும்னு கண்டிஷன் வெச்சாங்க, தமிழ்நாடும் 2010ல சட்டத்தைத் திருத்துச்சு, ஆனா விதிகள் வந்தது 2022லதான், நடுவுல 2016 அக்டோபர்ல இருந்து 2022 வரைக்கும் தேர்தலே நடக்காம தனி அலுவலர்கள் ஆட்சி வேற. 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்னிக்குதான் முதல் ஏரியா சபைக் கூட்டங்கள் நடந்துச்சு, தாம்பரம் மாநகராட்சி பம்மல்ல நடந்ததுக்கு முதல்வர் ஸ்டாலினே போயிருந்தார்.

சரி, அமைப்பு எப்படின்னா, ஒவ்வொரு வார்டையும் சின்னச் சின்ன ஏரியாவா பிரிச்சிருக்காங்க, சென்னைல வார்டுக்கு 10. அந்த ஏரியால ஓட்டு இருக்குற எல்லாருமே அந்த சபையோட உறுப்பினர், தனியா பேர் கொடுக்க வேண்டாம், கட்சிக்காரரா இருக்கணும்னும் இல்ல. ஏரியாவுக்கு ஒரு பிரதிநிதி, அவங்க எல்லாரும் கவுன்சிலர் தலைமைல வார்டு கமிட்டி. என்னைக் கேட்டா பெரிய கோளாறு இங்கதான்: பிரதிநிதியை நீங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறதில்ல, நியமனம்தான். பிரதிநிதி கவுன்சிலருக்கு வேண்டியவரா இருந்தா கூட்டத்துல எதிர்க்கேள்வி எங்க இருந்து வரும்?

அதுக்காகப் போகாம இருக்காதீங்க. தெருவிளக்கு, பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை எங்க வேணும்னு சொல்றது, எந்த வேலையை முதல்ல எடுக்கணும்னு வரிசை போடுறது, அரசு உதவித் திட்டத்துக்கு யார் உண்மையிலேயே தகுதியானவங்கன்னு காட்டுறது, இதெல்லாம் சபையோட வேலை. அங்க சொல்றது வார்டு கமிட்டி வழியா மேல போகணும். சபைக்குன்னு தனிப் பணம் கிடையாது, அதனால சிபாரிசுக்கு மேல அதிகாரம் இல்லைன்னு தெரிஞ்சே போங்க.

ஒரு விஷயம் முன்னாடியே பிரிச்சுக்கோங்க. சென்னைல குடிநீரும் பாதாளச் சாக்கடையும் மெட்ரோ வாட்டர்ங்கிற குடிநீர் வாரியம், மழைநீர் வடிகால் மாநகராட்சி, கட்டட பிளான்ல பெரிசெல்லாம் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), கரண்ட் மின்வாரியம். சாக்கடை பொங்குதுன்னு எந்திரிச்சா "அது எங்க டிபார்ட்மென்ட் இல்ல சார்"னு முடிச்சிடுவாங்க, நீங்களும் உட்கார்ந்துடுவீங்க. உட்காராதீங்க, "சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்புறதா தீர்மானம் எழுதுங்க"ன்னு கேளுங்க.

வாய்ல சொல்லிட்டு வர்றது காத்தோட போயிடும். ஒரு வெள்ளைத் தாள்ல தெரு பேரு, விளக்குன்னா கம்பத்து நம்பர், எத்தனை நாளா எரியல, ஏற்கனவே மாநகராட்சி புகார் நம்பர் 1913க்கு போன் பண்ணியிருந்தா அந்தப் புகார் எண், இவ்வளவும் எழுதி ரெண்டு காப்பி கொண்டு போய் ஒண்ணைக் கொடுத்துட்டு இன்னொண்ணுல கையெழுத்து வாங்கிக்கோங்க. கூட்டத்துல பேசினதை எழுதுற மினிட்ஸ் நோட்டுல உங்க விஷயம் ஏறுச்சான்னு அங்கயே நின்னு பாத்துடுங்க, எழுதுறவர் பாவம் பத்து பேர் ஒரே நேரத்துல கத்துறப்ப எதை எழுதுவாரு.

எந்த வார்டுன்னு தெரியலைன்னா வாக்காளர் பட்டியல்ல உங்க பாகம் எண்ணைப் பாத்து வெச்சுக்கிட்டு, வார்டு ஆபீஸ்ல "இது எந்த ஏரியா சபைல வருது, பிரதிநிதி யாரு, அடுத்த கூட்டம் எப்ப"ன்னு கேளுங்க. பதில் வரலையா, கூட்டம் நடந்ததா சொல்றாங்க ஆனா யாருக்கும் தெரியலையா, 10 ரூபா கட்டி ஆர்டிஐ, அதாவது தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடுங்க. கேக்க வேண்டியது மூணே: கூட்டம் நடந்த தேதிகள், வருகைப் பதிவேட்டு நகல், தீர்மானங்களும் அதுமேல எடுத்த நடவடிக்கையும். விதிப்படி 30 நாளுக்குள்ள பதில் கொடுக்கணும், கொடுக்கலைன்னா முதல் மேல்முறையீடு போடலாம், அதுக்குக் கட்டணம் கிடையாது.