தலையில் அடிபட்டவர் எழுந்து பேசிவிட்டார், அதனால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்

அக்கா மகன் தனக்குப் பிடித்த தமிழ்ப் படங்களை வரிசைப்படுத்தி அனுப்பி, "எப்படி இருக்கு மாமா?" என்று கேட்டிருந்தான். மூன்றாம் பிறை (1982), சேது (1999), கஜினி (2005), நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம் (2012), அப்புறம் சில அடிதடிப் படங்கள். நல்ல ரசனை. ஆனால் சென்னையில் மூளை அறுவை சிகிச்சை செய்கிற எனக்கு அந்தப் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது, எல்லாவற்றிலும் யாருக்காவது தலையில் அடிபடுகிறது என்பதுதான். தலைக்காயம் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்ததெல்லாம் இந்தப் படங்கள் சொன்னதுதான். அடிபட்டவரைத் தாமதமாகக் கூட்டி வருகிறவர்கள் சொல்லும் காரணங்களில் அது அப்படியே தெரிகிறது.

அடிதடிப் படங்களில் பின்மண்டையில் ஒரு அடி விழும், ஆள் சாய்வார், குடோனில் கட்டிப்போட்டு முகத்தில் தண்ணீர் ஊற்றினால் எழுந்து சண்டை போடுவார். நிஜத்தில் லேசான அடியில் நினைவு தப்பினால் சில நொடிகள், மிஞ்சினால் சில நிமிடங்கள். அதற்கு மேலும் கண் திறக்கவில்லை என்றால் உள்ளே ரத்தக்கசிவோ வீக்கமோ இருக்கலாம். அப்போது தண்ணீர் தெளிப்பதால் பயனில்லை. வாயில் சோடா ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும், தயவுசெய்து ஊற்றாதீர்கள்.

மூன்றாம் பிறையில் விபத்துக்குப் பிறகு நாயகி குழந்தையாகவே மாறிவிடுகிறார். படமாக எனக்கு அது மிகவும் பிடிக்கும், ஆனால் தலைக்காயம் அப்படி வேலை செய்வதில்லை. அடிபட்டவருக்குப் பெரும்பாலும் மறப்பது விபத்தை ஒட்டிய நேரம்தான்; சொந்தப் பெயரும் சின்ன வயதுச் சம்பவங்களும் கடைசிவரை நிற்கும். கஜினியில் வருவது போலப் புதிய நினைவு எதுவும் தங்காத நிலை உண்மையிலேயே உண்டு. 1953இல் வலிப்புக்காக மூளையின் இரு பக்கமும் அறுவை செய்யப்பட்ட ஹென்றி மொலேசன் என்ற அமெரிக்கர், 2008இல் இறக்கும்வரை அப்படித்தான் வாழ்ந்தார். சேதுவில் வருவது போல, அடிபட்ட பிறகு மனிதரே மாறிப்போவதை நான் வீடுகளில் பார்க்கிறேன். நெற்றிப்பக்க மூளை அடிபட்டால் கோபமும் சந்தேகமும் கூடும், அடக்கம் போய்விடும், "ஆளே மாறிட்டார் டாக்டர்" என்று மனைவிமார்கள் அழுவார்கள். அது திமிர் இல்லை, காயத்தின் விளைவு.

நான் அதிகம் பேச விரும்புவது 2012 படத்தைப் பற்றித்தான். கிரிக்கெட் ஆடும்போது விழுந்து தலையில் அடிபட்டவர் கடைசி ஓராண்டை மறந்து, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார். அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு நடந்த சம்பவம்தான் கதை, அதனால்தான் அந்தத் திரும்பத் திரும்பக் கேட்பது அவ்வளவு சரியாக இருக்கிறது. தியேட்டரே சிரித்தது. ஆனால் உங்கள் நண்பன் டர்ஃபில் விழுந்து எழுந்து, "என்னடா ஆச்சு?" என்று அஞ்சு நிமிடத்தில் நான்கு முறை கேட்டால், வீட்டுக்குத் தெரியாமல் சமாளிக்கலாம் என்று நினைக்காமல் உடனே சிடி ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.

ஏனென்றால் நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்து எலும்பு மெலிசு, அதன் உட்புறத்தில் ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. எலும்பில் விரிசல் விட்டு அந்தக் குழாய் கிழிந்தால், ரத்தம் மண்டையோட்டுக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே சேர ஆரம்பிக்கும். இதில் சிலர் அடிபட்டதும் மயங்கி, பிறகு தெளிந்து, நன்றாகப் பேசி, வீட்டுக்குப் போய், சாப்பிட்டுப் படுத்து, சில மணி நேரத்தில் எழுப்ப முடியாத நிலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த இடைவேளைக்குள் வந்துவிட்டால் ரத்தத்தை எடுத்துவிடலாம், பலர் பழையபடி நடந்து வீட்டுக்குப் போகிறார்கள். "நல்லாத்தானே பேசிட்டிருந்தான்" என்று ஒரு அப்பா சொல்லும்போது எனக்குப் பதில் வருவதில்லை.

அடிபட்ட முதல் நாள் முழுக்க ஒருவர் கூடவே இருக்க வேண்டும். வாந்தி திரும்பத் திரும்ப வருவது, தலைவலி கூடிக்கொண்டே போவது, ஒரு கை அல்லது கால் இழுப்பது, வலிப்பு, கண்ணின் பாப்பா ஒன்று மட்டும் பெரிதாவது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல வடிவது, தூக்கத்தில் எழுப்பினால் சரியாக விழிக்காதது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. குடித்திருந்தவர் என்றால் இன்னும் கவனம் தேவை. "போதையில தூங்குறான்" என்று விட்டுவிட்ட எத்தனையோ பேர் விடிகாலையில்தான் வருகிறார்கள். வயதானவர்கள், குறிப்பாக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், பாத்ரூமில் லேசாக வழுக்கி விழுந்தால்கூட சில வாரங்கள் கழித்து ரத்தக்கட்டோடு வருவார்கள். பாட்டி திடீரென்று தடுமாறினாலோ குழப்பமாகப் பேசினாலோ வயசு என்று ஒதுக்காதீர்கள்.

பணத்தை நினைத்தும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சைச் செலவை, திட்டத்தில் உள்ள தனியார் ஆஸ்பத்திரிகளிலும் குறிப்பிட்ட வரம்பு வரை அரசே ஏற்கிறது. போலீஸ், கேஸ் என்ற பயமும் வேண்டாம்; நல்லெண்ணத்தோடு உதவுகிறவருக்கு 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் பாதுகாப்பு தருகிறது. ஷேர் ஆட்டோவில் மடக்கிப் போட்டுத் தூக்கி வராமல் 108ஐக் கூப்பிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கழுத்தை அசைக்காமல் பக்கத்திலேயே இருங்கள். எத்தனை மணிக்கு விழுந்தார், நினைவு தப்பியதா, எப்போது தெளிந்தது, வாந்தி எடுத்தாரா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஆம்புலன்ஸில் வருபவரிடம் சொல்லி அனுப்புங்கள், ஸ்கேன் அறைக்குள் போவதற்கு முன்பே எங்களுக்குத் தேவைப்படும் விவரங்கள் இவைதான்.